வாசகர் கேள்வி பதில்: 'ஆகவே'க்கு முன்னால் ஒரு நிமிடம்

இம்முறை வந்த கடிதங்கள் பல ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன. நுண்ணறிவு வினாத்தாளில் ஒரு புள்ளிவிபரம் தரப்படும். அதிலிருந்து ஒரு முடிவு எடுக்கப்படும். பிறகு 'இம்முடிவை மிகவும் பலவீனப்படுத்துவது எது?' என்று கேட்பார்கள். அந்த எண்ணுக்கு வேறு விளக்கம் தேடத் தெரிந்தவருக்கு இந்த வினாக்கள் இலகு. தெரியாதவருக்கு ஐந்து தெரிவுகளும் சரி போலவே தோன்றும்.

கேள்வி: போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வகுப்பில் தந்த வினா இது. 'ஒரு மாவட்டத்தில் காலபோகத்தில் ஏக்கருக்குச் சராசரி 18 மூடை நெல் விளைந்தது. சிறுபோகத்தில் 24 மூடை விளைந்தது. ஆகவே காலபோகத்து மழையைவிடச் சிறுபோகத்து வெயிலே நெல்லுக்கு நல்லது.' இதைப் பலவீனப்படுத்தும் தெரிவு எது?
(அ) சிறுபோகத்தில் பயிரிட்ட பரப்பு குறைவு.
(ஆ) சிறுபோகத்தில் குளத்து நீர் நிச்சயமாகக் கிடைக்கும் வயல்களில் மட்டுமே விதைத்தார்கள். காலபோகத்தில் மானாவாரி வயல்களிலும் விதைத்தார்கள்.
(இ) காலபோகத்தில் சில வயல்களில் ஏக்கருக்கு 24 மூடைக்கு மேலும் விளைந்தது.
(ஈ) சிறுபோக நெல்லுக்கு விலை குறைவு.
(உ) காலபோகத்தில் மேகமூட்டமான நாட்கள் கூட.
நான் (அ) போட்டேன். விடை (ஆ) என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
— வாசகி, கண்டாவளை

பதில்: ஒன்றல்ல. ஆனால் நீங்கள் சரியான வாசலுக்கு வந்துவிட்டீர்கள், உள்ளே ஓர் அடி வைக்கவில்லை, அவ்வளவுதான். பரப்பு குறைந்தது, சரி. குறைந்தது எந்த நிலம்? 'ஏக்கருக்கு இத்தனை மூடை' என்பது பரப்பால் வகுத்து வந்த எண். நல்ல வயலும் மோசமான வயலும் ஒரே அளவில் கழிந்திருந்தால் சராசரி அசையாது. (ஆ) தான் கழிந்தது மோசமான வயல் என்று சொல்கிறது.

ஒரு தாளை எடுத்து இப்படிப் போட்டுப் பாருங்கள். எண்கள் கணக்குக்காக நாங்கள் வைத்தவை. குளத்து நீர் பாயும் வயல் 100 ஏக்கர், மானாவாரி 100 ஏக்கர். காலபோகத்தில் குளத்து வயலில் ஏக்கருக்கு 25 மூடை, மானாவாரியில் 11 மூடை. மொத்தம் 2500உம் 1100உம் சேர்ந்து 3600. அதை 200 ஏக்கரால் வகுத்தால் 18. சிறுபோகத்தில் குளத்து வயல் மட்டும், ஏக்கருக்கு 24. வினாவில் உள்ள அதே 18, அதே 24. ஆனால் ஒரே வயலைப் பார்த்தால் விளைச்சல் 25இலிருந்து 24ஆகக் குறைந்திருக்கிறது! முடிவு தலைகீழாகிவிட்டது, தந்த எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லாத விஷயம். குளத்தில் நிற்கிற நீரைப் பார்த்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவான பிறகுதான் விதைப்பு. வினாவை வாசிக்கும்போது அந்த அறிவை வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது.

மற்றத் தெரிவுகள் விழுகிற விதத்தையும் பாருங்கள், ஒவ்வொரு வினாத்தாளிலும் இதே உருவங்கள்தான் வரும். (இ) 'சில' என்கிறது. சராசரி 18 என்றால் சில வயல் 24ஐத் தாண்டுவது இயல்பு, அதனால் முடிவுக்கு ஒரு சேதமும் இல்லை. (ஈ) விலையைப் பேசுகிறது, முடிவோ விளைச்சலைப் பேசுகிறது. (உ) இருப்பதிலேயே ஆபத்தானது. வாசிக்கும்போது 'ஓ, இதுதான் காரணம்' என்று தோன்றும், ஆனால் வெயில் நல்லது என்ற முடிவுக்கே அது முண்டு கொடுக்கிறது. பலவீனப்படுத்தக் கேட்ட இடத்தில் பலப்படுத்துவதைப் போட்டு வருவதுதான் நாங்கள் திருத்தும் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

ஒவ்வொரு தெரிவையும் இந்த ஒரு கேள்வியால் சோதியுங்கள்: 'இந்தத் தெரிவு உண்மை, ஆனால் முடிவு பொய் என்று வைத்தால், அதே எண் வருமா?' எண் நிற்க வேண்டும், முடிவு விழ வேண்டும். எண்ணையே மறுக்கிற தெரிவு, 'அந்தக் கணக்கெடுப்பு பிழையாக இருக்கலாம்' என்ற மாதிரி வருவது, பெரும்பாலும் விடை ஆகாது. தந்த எண்ணை ஏற்றுக்கொண்டு வேலை செய்யத்தான் பரீட்சை கேட்கிறது.

கேள்வி: அளக்கும் விதம் மாறியதால் எண் மாறும் என்று ஒரு வழிகாட்டி நூலில் உள்ளது. இது பரீட்சைக்காகச் செய்த தந்திரமா, உண்மையிலும் நடக்குமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுக்கப்பட்டது. போர்க்காலம். வன்னி முழுமையாக எண்ணப்படவில்லை. எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 169 இலட்சம். 2012இல் எல்லா மாவட்டங்களும் எண்ணப்பட்டு 203 இலட்சத்தைத் தாண்டியது. அதில் கிளிநொச்சி 1,13,510, முல்லைத்தீவு 92,238. இந்த இரண்டு மொத்தங்களையும் பக்கத்தில் வைத்து 'பதினொரு வருடத்தில் சனத்தொகை 20 வீதம் பெருகியது' என்று ஒருவர் எழுதினால், அவர் பிறப்பையும், முன்பு எண்ணப்படாதவர்கள் இப்போது எண்ணப்பட்டதையும் ஒரே சாக்கில் கட்டுகிறார். எண்ணப்படாத இடங்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் 2001இன் தொகை ஏறத்தாழ 188 இலட்சம். அப்போது பெருக்கம் 8 வீதம் அளவில்தான் வருகிறது.

வினாத்தாளில் இதே உடல் வேறு சட்டையில் வரும். பொலிஸ் நிலையத்தில் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பணியகம் திறந்த பிறகு வீட்டு வன்முறை முறைப்பாடுகள் இரண்டு மடங்காகின, ஆகவே வன்முறை இரண்டு மடங்காகியது என்பார்கள். வன்முறை கூடாமலே, சொல்ல இடம் கிடைத்ததால் முறைப்பாடு கூடலாம். புதிய பரிசோதனை வந்ததும் நோயாளர் தொகை ஏறுவதும் இதே வகைதான். 'பதிவான', 'முறைப்பாடு செய்யப்பட்ட', 'கண்டறியப்பட்ட' என்ற சொற்கள் பந்தியில் இருந்தால் பென்சிலால் வட்டமிடுங்கள். எண்ணுக்கும் உண்மைக்கும் இடையில் யாரோ ஒருவர் எண்ணும் வேலை செய்திருக்கிறார் என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி.

அளவுக் கோலும் மாறலாம். நெல்லையே எடுங்கள். ஈரப்பதன் 20 வீதமாக உள்ள 100 கிலோ நெல்லை, கொள்வனவுக்கு ஏற்கும் 14 வீதத்துக்குக் காய வைத்தால் 93 கிலோதான் நிற்கும். (நீர் கழித்த 80 கிலோவை 0.86ஆல் வகுத்துப் பாருங்கள்.) ஒரு போகத்தில் ஈர நெல்லும் மறு போகத்தில் காய்ந்த நெல்லும் நிறுத்திருந்தால், 7 வீத வித்தியாசம் வயலில் ஒன்றும் நடக்காமலே வந்துவிடும்.

கேள்வி: கிருமிநாசினி அதிகம் அடித்த வயல்களில் விளைச்சல் குறைவு, ஆகவே கிருமிநாசினி விளைச்சலைக் குறைக்கிறது என்ற வினாவுக்கு மாற்று விளக்கம் என்ன?
— வாசகர், துணுக்காய்

பதில்: மருந்திலிருந்து மோசமான வயலுக்குப் போகும் காரண அம்பைத் திருப்பிப் போடுங்கள். அறக்கொட்டிப் பூச்சி விழுந்த வயலுக்குத்தான் மருந்து கூட அடிப்பார்கள். விளைச்சலைக் குறைத்தது பூச்சி. அதே பூச்சிதான் மருந்தையும் கூட்டியது. சரியான தெரிவு 'தாக்கம் கடுமையாக இருந்த வயல்களுக்கே விவசாயிகள் கூடுதலாக மருந்தடித்தனர்' என்ற மாதிரி இருக்கும். வைத்தியசாலை, பிரத்தியேக வகுப்பு, பொலிஸ் காவல், நிவாரணம் என்று, பிரச்சினை உள்ள இடத்தைத் தேடிப் போகும் எதைப் பற்றிய புள்ளிவிபரமானாலும் முதலில் இந்தத் திருப்பத்தைச் சோதியுங்கள்.

கேள்வி: ஒரு சிகிச்சை, இலகுவான நோயாளரிலும் கடுமையான நோயாளரிலும் மற்றதை வென்று, மொத்தத்தில் தோற்கலாம் என்று ஆசிரியர் சொன்னார். நான் உயர்தரம் கணிதப் பிரிவு. எனக்கு இது நம்பமுடியாமல் இருக்கிறது ஐயா.
— மாணவன், வவுனியா

பதில்: நம்பாமல் கணக்குப் பார்க்கிறீர்களே தம்பி, அது நல்ல பழக்கம். இதோ உண்மை எண்கள். 1986இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றி வெளிவந்த ஆய்வு. திறந்த சத்திரசிகிச்சையையும், தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் 350 நோயாளர்.

சிறிய கல்: திறந்த முறையில் 87 பேரில் 81 பேருக்கு வெற்றி, 93 வீதம். துளை முறையில் 270 பேரில் 234, 87 வீதம்.

பெரிய கல்: திறந்த முறையில் 263 பேரில் 192, 73 வீதம். துளை முறையில் 80 பேரில் 55, 69 வீதம்.

இரண்டு வரியிலும் திறந்த முறை முன்னுக்கு. இப்போது கூட்டுங்கள். திறந்த முறை 350இல் 273, அதாவது 78 வீதம். துளை முறை 350இல் 289, 83 வீதம். மொத்தத்தில் துளை முறை முன்னுக்கு வந்துவிட்டது.

கூட்டலில் பிழை இல்லை. ஒவ்வொரு முறைக்கும் யார் போனார்கள் என்பதைப் பாருங்கள். திறந்த முறைக்குப் போன 350 பேரில் 263 பேர் பெரிய கல்லோடு போனவர்கள், துளை முறைக்கு 80 பேர் மட்டும். கடினமான சுமை முழுக்க ஒரு பக்கத்தில் ஏறியிருக்கிறது. பொய் இல்லாத இரண்டு எண்கள், கலவை வேறாக இருந்ததால் எதிர்ப்பக்கம் காட்டுகின்றன. எட்வேட் சிம்சன் 1951இல் எழுதிய கட்டுரையை வைத்து இதைச் சிம்சன் முரண் என்று சொல்வார்கள்.

இதே கண்ணோடு இன்னொன்றைப் பாருங்கள். 1973இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த 8442 ஆண்களில் 44 வீதம் பேருக்கும், 4321 பெண்களில் 35 வீதம் பேருக்கும் அனுமதி கிடைத்தது. பாகுபாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். துறை துறையாகப் பிரித்தபோது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்தது. யாருக்கும் இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்தார்கள். (ஏன் அந்தத் துறைகளுக்கு மட்டும் போனார்கள் என்பது கேட்க வேண்டிய வேறு கேள்வி. ஆனால் அனுமதிக் குழு பாகுபாடு காட்டியது என்ற முடிவுக்கு அந்த 44உம் 35உம் போதாது.)

வினாத்தாளில் இது வைத்தியசாலை வேடத்தில் அடிக்கடி வரும். பெரிய வைத்தியசாலையில் இறப்பு வீதம் கூட, கிராமத்து வைத்தியசாலையில் குறைவு, ஆகவே கிராமத்தில் சிகிச்சை சிறந்தது என்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் சொல்ல ஆள் தேட வேண்டாம். கடுமையான நோயாளரை அம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய இடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே ஒன்றை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழுக்கள் வேறுபடுகின்றன என்று மட்டும் சொல்லும் தெரிவு போதாது. 'பெரிய வைத்தியசாலைக்கு வருவோரில் பெரும்பாலோர் தூரத்து ஊரவர்' என்பதும் வேறுபாடுதான், ஆனால் தூரத்து ஊரவர் என்பதால் ஒருவர் இறப்பதில்லை. நல்ல தெரிவுக்கு இரண்டு கால்கள்: வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு விளைவைத் தொடவும் வேண்டும். கண்டாவளை வாசகியின் (அ) விழுந்ததும் இந்த இரண்டாவது கால் இல்லாததால்தான்.

கேள்வி: 'இந்த முரணை விளக்குவது எது?' என்று வரும் வினாவுக்கும் பலவீனப்படுத்தும் வினாவுக்கும் என்ன வித்தியாசம்?
— வாசகி, மல்லாவி

பதில்: பலவீனப்படுத்தும் வினாவில் ஒரு 'ஆகவே' இருக்கும், அதை விழுத்த வேண்டும். விளக்கும் வினாவில் 'ஆகவே' இல்லை. ஒன்றோடொன்று மோதுவது போல இரண்டு உண்மைகள் இருக்கும், இரண்டையும் காப்பாற்ற வேண்டும். ஒரு பாடசாலையில் சாதாரண தரக் கணிதச் சித்தி 50 வீதத்திலிருந்து 60 வீதமாக உயர்ந்தது, ஆனால் சித்தியடைந்த பிள்ளைகளின் தொகை 40இலிருந்து 30ஆகக் குறைந்தது என்று வைப்போம். முதல் வருடம் தோற்றியவர் 80, அடுத்த வருடம் 50. அவ்வளவுதான் முடிச்சு. 'புதிய கணித ஆசிரியர் நன்றாகப் படிப்பித்தார்' என்ற தெரிவு வீதம் ஏறியதை மட்டும் விளக்கும், தொகை குறைந்ததைத் தொடாது. ஒரு பக்கத்தை மட்டும் விளக்கும் தெரிவுகளை இந்த வகை வினாக்களில் நிறையத் தூவி வைப்பார்கள்.

வீதம் எங்கே வந்தாலும் 'எதன் வீதம்?' என்று பக்கத்தில் எழுதுங்கள். தோற்றியவரிலா, பாடசாலையில் சேர்ந்தவரிலா? பலவீனமான பிள்ளைகள் பரீட்சைக்கு முன்பே இடைவிலகிவிட்டால், யாரும் ஒரு பாடம்கூடக் கூடுதலாகப் படிக்காமலே சித்தி வீதம் ஏறும். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் 60 வீதம் என்ற எண் வேறு மாதிரித் தெரியும்.

கேள்வி: ஒரு சந்தியில் ஒரு வருடத்தில் 9 விபத்து. வேகத்தடை போட்டபின் 3. ஆகவே வேகத்தடை பலன் தந்தது. இதில் என்ன ஓட்டை?
— வாசகர், மாங்குளம்

பதில்: ஏ9 வீதியில் போய் வருகிறவர் கேட்கும் கேள்வி! அந்தச் சந்தியைத் தெரிந்தெடுத்த விதத்தில்தான் ஓட்டை. எல்லாச் சந்திகளையும் பார்த்து, அந்த வருடம் ஆக மோசமாக இருந்ததற்குத் தடை போட்டார்கள். விபத்து வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். உச்சத்தில் நிற்கும்போது பிடித்தால், அடுத்த வருடம் தானாகவே இறங்கும் வாய்ப்புத்தான் கூட. விடை 'அதற்கு முந்திய ஐந்து வருடங்களிலும் அச்சந்தியில் வருடத்துக்கு 3 அல்லது 4 விபத்துகளே நடந்தன' என்பது போல இருக்கும். தவணைப் பரீட்சையில் கடைசியாக வந்த பத்துப் பேரைப் பிடித்துப் படிப்பித்து 'முன்னேற்றம்' காட்டும் வினாவும் இதே குடும்பம். எதிர்ப்பக்கம் கேட்டால், அதாவது முடிவைப் பலப்படுத்தச் சொன்னால், தடை போடாத அதே மாதிரியான சந்திகளில் விபத்து குறையவில்லை என்ற தெரிவைத் தேடுங்கள். ஒரு மாற்று விளக்கத்தை அடைத்துவிடுவதும் பலப்படுத்தலே.

வேகத்தடை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. மாற்று விளக்கம் முடிவைப் பொய்யாக்குவதில்லை, இந்த எண் மட்டும் அதை நிறுவாது என்று காட்டுகிறது. பலவீனப்படுத்தும் வினாவுக்கு அவ்வளவே போதும். முற்றாகப் பொய்யாக்கும் தெரிவைத் தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுச் சட்டப் படிப்புக்காக எல்சாட் பயிற்சி செய்கிறேன். விளக்கம் வாசித்தால் விளங்குகிறது. நேரம் வைத்தால் பிழைக்கிறது. எப்படிப் பழகுவது?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: 2024 ஓகஸ்டிலிருந்து அந்தப் பரீட்சையில் புள்ளி சேரும் தர்க்கப் பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 35 நிமிடம். 25 வினா அளவில் வருவதால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடமும் இல்லை. அதற்குள் ஐந்து தெரிவையும் திறந்த மனதோடு வாசித்தால் ஐந்தும் உங்களை இழுக்கும். ஆகவே முதல் இரண்டு கிழமைக்குக் கடிகாரத்தைத் தள்ளி வையுங்கள். தெரிவுகளை ஒரு தாளால் மூடுங்கள். எண் உள்ள வசனத்துக்குக் கீழே கோடு, 'ஆகவே' உள்ள வசனத்துக்கு இரட்டைக் கோடு. பிறகு தாளில் ஒரே ஒரு வரியில் உங்கள் சொந்த மாற்று விளக்கத்தை எழுதுங்கள். அதன் பிறகே தாளை எடுங்கள். நீங்கள் எழுதியதே விடையாக இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் ஒரு வரி எழுதிய மூளை (உ) போன்ற தெரிவுக்கு இலேசில் ஏமாறாது.

வரி வராவிட்டால் இந்த ஒழுங்கில் கேளுங்கள்: இரண்டு பக்கமும் எண்ணப்பட்டவர் ஒரே மாதிரியானவர்களா, எண்ணிய விதம் மாறியதா, எதன் வீதம், அம்பு திரும்புமா, அதே காலத்தில் வேறென்ன மாறியது, உச்சத்தில் பிடித்தார்களா. முதலாவதிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பிழைத்த வினாக்களுக்கு ஒரு தனிக் கொப்பி வையுங்கள். சரியான விடையை மட்டும் எழுதி வைப்பது பயன் தராது. நீங்கள் போட்ட பிழையான தெரிவை எழுதி, அது எந்த வகையில் பிழை என்று ஓரத்தில் ஒரு சொல் போடுங்கள்: 'பலப்படுத்தியது', 'சில', 'வேறு விஷயம்', 'எண்ணை மறுத்தது', 'ஒரு கால் மட்டும்'. முப்பது வினா சேர்ந்ததும் ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப நிற்கும். அடுத்த கிழமை முழுக்க அந்த ஒரு வகையை மட்டும் செய்துவிட்டு, பிறகு கடிகாரத்தை எடுங்கள். முதலில் வினாவுக்கு மூன்று நிமிடம், அது பழகியதும் இரண்டு.